முதல் வரியில் முடிவு, பிறகு சாட்சி

(அரசியல் அறிவியல் தேர்வில் கட்டுரை வினாவுக்கு விடை எழுதுவது பற்றி அம்மையார்குப்பத்தில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் சங்க இலக்கியத்தில் ஏதாவது ஒன்று, அல்லது மக்களாட்சியின் எதிர்காலம் என்பதுபோல ஒன்று இருக்கும் என்று நினைத்து வந்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டது அதைவிடச் சின்ன விஷயம். ஆனால் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அது அவசரமானது. பிளஸ் டூ அரசியல் அறிவியல் தாளின் ஐந்து மதிப்பெண் வினா, கல்லூரித் தேர்வின் நெடுவினா, குரூப் ஒன்று முதன்மைத் தேர்வின் விரிவான வினா, இவற்றுக்கு எப்படி விடை எழுதுவது? விடைத்தாள் திருத்தும் முகாமில் உட்கார்ந்து பழகியவன் என்பதுதான் இதைப் பேச எனக்குள்ள தகுதி.

சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. கட்டுரை வினா உங்களிடம் கேட்பது உங்கள் முடிவை. தகவல்கள் அந்த முடிவுக்குச் சாட்சிகள். நம் பிள்ளைகள் பலர் சாட்சிகளை வரிசையாகக் கூண்டில் ஏற்றுகிறார்கள். வழக்கு என்ன, யார் பக்கம் நியாயம் என்று சொல்லாமலே நூலைக் கட்டித் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். வெளியே வந்ததும் “எல்லாப் பாயிண்டும் எழுதிட்டேன் சார்” என்கிறார்கள். எழுதியது உண்மைதான். எதற்காக எழுதினாய் என்பதுதான் தாளில் இல்லை.

தேர்வைப் பற்றி இந்த வட்டாரத்தில் பேசுபவர் ஒருவரை நினைக்காமல் பேசக்கூடாது. திருத்தணியில் 1888இல் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். அவர் பிறந்த நாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோம். தேர்வைப் பற்றி அவர் தலைமையில் என்ன எழுதினார்கள் என்பதைப் பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. 1948இல் அவர் தலைமையில் பல்கலைக்கழகக் கல்வி ஆணையம் அமைந்தது. பல்கலைக்கழகக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம்தான் செய்யலாம் என்றால் அது தேர்வுச் சீர்திருத்தமாகவே இருக்கவேண்டும் என்பது அந்த ஆணையத்தின் கருத்து. கட்டுரை வகைத் தேர்வின் மீது அதற்கு நிறையக் குறை இருந்தது. திருத்துபவருக்குத் திருத்துபவர் மதிப்பெண் மாறுகிறது என்பது அதில் ஒன்று.

அந்தக் குறை கற்பனை இல்லை. டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராக இருந்த பிலிப் ஹார்டாக், இங்கிலாந்து திரும்பிய பிறகு ரோட்ஸ் என்பவரோடு சேர்ந்து 1935இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஏற்கெனவே ஒரே மதிப்பெண் பெற்றிருந்த 15 வரலாற்று விடைத்தாள்களை அனுபவமுள்ள ஆசிரியர்களிடம் கொடுத்துத் திருத்தச் சொன்னார்கள். ஓராண்டுக்கும் மேல் கழித்து அதே தாள்களை அதே ஆசிரியர்களிடம் மறுபடி கொடுத்தார்கள். 14 பேர் இரண்டாம் முறையும் திருத்தினார்கள். தேர்ச்சி, தோல்வி முதலான 210 தீர்ப்புகளில் 92 மாறிவிட்டன. தாள் அதே தாள், ஆள் அதே ஆள்.

இதைக் கேட்டு மாணவர்கள் பயப்படவேண்டாம். பெற்றோர்கள் ஆத்திரப்படவும் வேண்டாம். இதிலிருந்து எடுத்துக்கொள்ளவேண்டியது ஒன்று உண்டு. திருத்துபவர் ஊகித்துக்கொள்ளும்படி எதை விட்டாலும் அது அன்றைய வெயிலைப் பொறுத்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மின்விசிறி மெதுவாகச் சுற்றும் வகுப்பறையில், கட்டின் கடைசித் தாளாக உங்கள் தாள் வரலாம். அந்த நேரத்திலும் புரியும்படி உங்கள் முடிவு முதல் இரண்டு வரியில் இருந்தால், அந்த மனிதர் உங்களோடு நடப்பார். இல்லையென்றால் கையிலிருக்கும் விடைக்குறிப்பை வைத்துக்கொண்டு பாயிண்ட் தேடுவார். தேடுபவர் எல்லாவற்றையும் கண்டுபிடிப்பார் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

வினாவின் கடைசிச் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ‘விவரி’ என்றால் இருப்பதைச் சொன்னால் போதும். ‘விளக்குக’ என்றால் ஏன், எப்படி என்பதும் வரவேண்டும். ‘ஒப்பிடுக’ என்றால் இரண்டையும் தனித்தனியே எழுதிவிட்டு ஒதுங்கக்கூடாது. ஒரே அளவுகோலை இரண்டின் மீதும் வைக்கவேண்டும். ‘ஆய்க’, ‘மதிப்பிடுக’, ‘எந்த அளவுக்கு’ என்று வந்தால் உங்களை நீதிபதி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள் என்று பொருள். பிள்ளைகள் இந்த ஐந்தாறு சொல்லையும் ‘தெரிந்ததை எல்லாம் எழுது’ என்ற ஒரே சொல்லாகப் படிக்கிறார்கள். குற்றம் அவர்களுடையது மட்டும் அல்ல. பத்தாம் வகுப்பு வரை நாம் அப்படித்தான் பழக்கியிருக்கிறோம்.

இனி ஒரு வினாவை எடுத்துக்கொண்டு எழுதியே பார்ப்போம். வெளியூர் உதாரணம் வேண்டாம். “மொழிவழி மாநிலப் பிரிப்பு இந்திய ஒற்றுமையைப் பலவீனப்படுத்தியதா? ஆய்க.” இந்தியாவில் அரசியல் அறிவியல் படிக்கும் யாரும் ஏதோ ஒரு வடிவில் சந்தித்தே தீரவேண்டிய வினா இது. இதற்கு விடை எழுத அம்மையார்குப்பத்துப் பிள்ளைகளைவிட வசதியானவர்கள் யாரும் இல்லை என்பது என் எண்ணம்.

வழக்கமான விடை எப்படித் தொடங்கும் என்று எனக்குத் தெரியும். “இந்தியா பல மொழிகள் பேசும் மக்கள் வாழும் ஒரு மாபெரும் நாடு.” அடுத்து வேற்றுமையில் ஒற்றுமை. அடுத்து தார் ஆணையம் 1948, ஜே.வி.பி. குழு, பொட்டி ஸ்ரீராமுலு மறைவு 1952 டிசம்பர் 15, ஆந்திர மாநிலம் 1953 அக்டோபர் 1, பசல் அலி ஆணையம், 1956 நவம்பர் 1. எல்லாம் சரியான ஆண்டுகள். கடைசி வரி: “இவ்வாறு மொழிவழி மாநிலங்கள் உருவாயின.” கேட்டது உருவான கதையா? ஒற்றுமை பலவீனப்பட்டதா என்பது. இந்த விடைக்குப் பாதி மதிப்பெண் கிடைத்தால் அது திருத்தியவரின் இரக்கம்.

இப்போது வேறு மாதிரி தொடங்குங்கள். “மொழிவழிப் பிரிப்பு இந்திய ஒற்றுமையைப் பலவீனப்படுத்தவில்லை. மொழிப் பூசலைத் தெருவிலிருந்து நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது அதுதான். ஆனால் எல்லையோரத்தில் வாழும் மொழிச் சிறுபான்மையினரின் சிக்கலை அது தீர்த்து வைக்கவில்லை.” மூன்று வாக்கியம். முடிவும் இருக்கிறது, முடிவுக்கு உள்ள வரம்பும் இருக்கிறது. திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார். இனி வருவதெல்லாம் சாட்சி.

முதலில் எதிர்த்தரப்பின் சாட்சியைக் கூப்பிடுங்கள். அதுவும் அதன் முழு பலத்தோடு. தார் ஆணையம் மொழிவழி மாகாணங்கள் நாட்டு நலனுக்கு உகந்தவை அல்ல என்றது. நேரு, வல்லபாய் படேல், பட்டாபி சீதாராமையா மூவரும் அடங்கிய ஜே.வி.பி. குழுவும் 1949இல் பொறுத்திருக்கவே சொன்னது. இவர்களை முட்டாள்களைப்போல எழுதும் விடைகளைப் பார்த்திருக்கிறேன். அப்போது நாடு பிரிந்து இரண்டு ஆண்டுகூட ஆகவில்லை. இன்னொரு கோடு போடப் பயந்தார்கள், பயம் நியாயமானது என்று எழுதுங்கள். எதிராளியை நியாயமானவனாகக் காட்டி, அதன் பிறகு அவன் ஏன் தவறினான் என்று காட்டுபவனின் விடையைத்தான் ‘ஆய்வு’ என்று திருத்துபவர் ஏற்றுக்கொள்வார்.

அடுத்து உங்கள் சாட்சி. அது உங்கள் வீட்டு வாசலில் இருக்கிறது.

1911 ஏப்ரல் 1 அன்று சித்தூர் மாவட்டம் உருவானபோது, வட ஆர்க்காட்டில் இருந்த இந்தப் பகுதி அதில் சேர்ந்தது. அன்று எல்லாம் ஒரே சென்னை மாகாணம் என்பதால் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. 1953இல் ஆந்திரம் பிறந்தபோது சித்தூர் மாவட்டத்தை அப்படியே முழுதாகத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். பிரித்தது மொழியின் பெயரால். கோடு போட்டது மாவட்ட எல்லையின்படி. அந்த முரண்பாட்டில் திருத்தணியின் தமிழர்கள் அகப்பட்டுக்கொண்டார்கள். இதை எழுதும்போதுதான் உங்கள் விடை பாடப்புத்தகத்தைத் தாண்டுகிறது.

பிறகு, இந்தப் பகுதியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்ட வடக்கெல்லைப் போராட்டம். தமிழரசுக் கழகத்தின் ம.பொ.சிவஞானம், திருத்தணி கே.விநாயகம், ஊர் ஊராகத் தமிழ் சொல்லிக்கொடுத்துக் களத்தை முன்பே பண்படுத்தி வைத்த மங்கலங்கிழார். மறியல், கைது, சிறை. மங்கலங்கிழார் முடிவைப் பார்க்க இருக்கவில்லை. 1956இன் மாநில மறுசீரமைப்பும் இந்தச் சிக்கலைத் தொடாமல் போயிற்று. இரு மாநிலங்களுக்கும் இடையே படாஸ்கர் நடுவராக வந்தார். அவர் வைத்த அளவுகோல்கள்தான் இந்த விடையின் உயிர்நாடி: கிராமமே அலகு, நிலத்தொடர்ச்சி வேண்டும், பெரும்பான்மையோர் பேசும் மொழி எது என்று பார்க்கவேண்டும். மாவட்டம் என்ற பெரிய கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் கிராமம் என்ற சின்னக் கத்தரியை எடுத்தார். இரு மாநிலங்களும் ஏற்றுக்கொண்டன. 1959இல் ஆந்திரப் பிரதேச, சென்னை எல்லை மாற்றச் சட்டம் நிறைவேறியது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டமும் பள்ளிப்பட்டுப் பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. சத்தியவேடு முதலிய பகுதிகள் ஆந்திரத்துக்குப் போயின. சித்தூரில் சேர்ந்ததும் ஏப்ரல் 1, விலகியதும் ஏப்ரல் 1. தேதி நினைவில் நிற்கவேண்டும் என்று யாரோ மாணவர்கள் மேல் இரக்கப்பட்டிருக்கிறார்கள் போல.

ஆக, இந்த ஊரில் ஒரு வீடு நகராமல் நின்ற இடத்திலேயே வட ஆர்க்காடு, சித்தூர், செங்கற்பட்டு, 1997இலிருந்து திருவள்ளூர் என நான்கு மாவட்டங்களைப் பார்த்திருக்கிறது. இது சுவையான செய்திதான். ஆனால் சுவையான செய்தி தேர்வில் தனியே நின்றால் மதிப்பெண் தராது. அதிலிருந்து என்ன தெரிகிறது என்ற ஒரு வரி சேரவேண்டும். எழுதுங்கள்: இவற்றில் 1953இலும் 1960இலும் நடந்த மாநில மாற்றங்கள் இரண்டும் அரசமைப்பின் 3ஆம் உறுப்பின்படி நாடாளுமன்றத்தின் சாதாரணச் சட்டத்தால் நடந்தன, 368ஆம் உறுப்பின்படி அரசமைப்புத் திருத்தம் தேவைப்படவில்லை. இந்தியாவில் மாநில எல்லை அவ்வளவு நெகிழ்வானது. அந்த நெகிழ்வுதான் பூசலை உள்ளே அடக்கிக்கொள்ள உதவியது.

இந்த இடத்தில் கெட்டிக்கார மாணவி ஒரு படி மேலே போவாள். அதே 3ஆம் உறுப்பின்படிதான் 2014இல் தெலங்கானாவும் பிறந்தது. மசோதாவைச் சட்டமன்றத்தின் கருத்துக்கு அனுப்பவேண்டும்; ஒப்புதல் பெறவேண்டும் என்பது இல்லை. ஆந்திரச் சட்டமன்றம் 2014 ஜனவரியில் மசோதாவை நிராகரித்தது. பிப்ரவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. திருத்தணியில் இரு மாநிலமும் ஒப்புக்கொண்டு நடந்த மாற்றம். தெலங்கானாவில் மாநிலத்தின் மறுப்பை மீறி நடந்த மாற்றம். இரண்டுக்கும் ஒரே உறுப்பு. மேலும், தெலங்கானாவில் இரு பக்கமும் தெலுங்குதான். ஆகவே மொழி ஒன்றே மாநிலத்தைக் கட்டிப்போடும் கயிறு அல்ல என்பதற்கும் அது சாட்சி. இரண்டு நிகழ்ச்சி, ஒரே அளவுகோல், மூன்று வரி. இதற்குமேல் ஒப்பீடு என்று எதைக் கேட்பது?

கடைசியாக, தொடக்கத்தில் சொன்ன வரம்புக்கு வாருங்கள். எல்லை மாறினாலும் சிறுபான்மை மறையாது. இந்த வட்டாரத்தில் வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழுமாக வளரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இங்கேயும் சிலர் இருக்கிறீர்கள். சத்தியவேட்டுப் பக்கம் அதன் மறுபாதி: வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. தொடக்க வகுப்பில் தாய்மொழிக் கல்வி பற்றிய 350ஏ உறுப்பும், மொழிச் சிறுபான்மையினருக்கான தனி அலுவலர் பற்றிய 350பி உறுப்பும் 1956இன் ஏழாம் திருத்தத்தில் சேர்ந்தவை. மாநிலங்களை மறுசீரமைத்த அதே ஆண்டு அது. கோடு போட்டவர்களுக்கே கோடு போதாது என்று தெரிந்திருந்தது. தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய தமிழகத்தின் 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தால் தெலுங்கு வழிப் பிள்ளைகளின் பத்தாம் வகுப்புத் தேர்வு நீதிமன்றம் வரை போனது இந்தத் தீராத பாதியின் சான்று. வடக்கெல்லைப் போராட்டத்தைப் பெருமையோடு எழுதுபவர் இதையும் எழுதவேண்டும். எழுதினால் ஊர்ப்பாசம் குறைந்துவிடாது, மதிப்பெண் கூடும்.

விடை முடிந்தது. இதை முழுதாக எழுதினால் குடிமைப்பணித் தேர்வுக்குத் தாங்கும். பிளஸ் டூவுக்கு மூன்றில் ஒரு பங்கு போதும். நேரக் கணக்கை நீங்களே போடலாம். பிளஸ் டூ தாளில் 90 மதிப்பெண்ணுக்கு 180 நிமிடம். ஏழு ஐந்து மதிப்பெண் வினாக்களுக்கு 35 மதிப்பெண். ஆகவே 70 நிமிடம், வினாவுக்குப் பத்து. யு.பி.எஸ்.சி. பொது அறிவுத் தாளில் 250 மதிப்பெண்ணுக்கு அதே 180 நிமிடம். 150 சொல்லில் எழுதும் பத்து மதிப்பெண் வினாவுக்கு ஏழு நிமிடம், 250 சொல்லில் எழுதும் பதினைந்து மதிப்பெண் வினாவுக்குப் பதினொன்று. பத்து நிமிடத்தில் முதல் இரண்டு நிமிடம் பேனாவைத் தாளில் வைக்காமல் யோசியுங்கள். பக்கத்தில் இருப்பவன் அடிஷனல் ஷீட் கேட்பான். கேட்கட்டும்.

ஸ்கெட்ச் பேனாவால் அடிக்கோடு, பெட்டி கட்டிய தலைப்பு, பூ வரைந்த மார்ஜின் பற்றியெல்லாம் டியூஷன்களில் நிறையச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கையெழுத்து படிக்கும்படி இருந்தால் போதும்.

இன்னொரு பழக்கம் அதைவிட மோசம். அறிஞர் பெயரைப் போட்டுச் சொந்த வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் அடைப்பது. பாவம் அரிஸ்டாட்டில், அவர் சொல்லாதது இந்தத் தமிழ்நாட்டு விடைத்தாள்களில் ஏராளம். கே.சி.வியர் இந்தியாவைப் பாதிக் கூட்டாட்சி என்ற பொருளில் வகைப்படுத்தினார் என்று எழுதினால், ஏன் அப்படிச் சொன்னார், மாநில ஆட்சியைக் கலைப்பதற்கு வரம்பு கட்டிய 1994இன் எஸ்.ஆர்.பொம்மை தீர்ப்புக்குப் பிறகும் அது அப்படியே பொருந்துமா என்று அடுத்த வரி சொல்லவேண்டும். பெயர் மட்டும் எழுதுவது வருகைப் பதிவேடு.

குற்றங்களைப் பற்றிப் பேசும்போது, தமிழ் ஆசிரியர்கள் இங்கே இருப்பதால் சொல்கிறேன். ஒரு நூலுக்கு வரக்கூடாத பத்துக் குற்றங்களை நன்னூல் சொல்கிறது. அதில் நான்கு போதும், முகாமில் நான் பார்த்த பெரும்பாலான தாள்களை அடக்கிவிடலாம். குன்றக் கூறல்: பஞ்சாயத்து ராஜ் பற்றிக் கேட்டால் 73ஆவது திருத்தம் 1992 என்று எழுதிவிட்டு நிறுத்திவிடுவது. கூறியது கூறல்: முன்னுரையை முடிவுரையில் மறுபடி எழுதுவது. மற்றொன்று விரித்தல்: ஆளுநரைப் பற்றிக் கேட்டால் குடியரசுத் தலைவரைப் பற்றித் தெரிந்ததை எல்லாம் கொட்டுவது. சென்று தேய்ந்து இறுதல்: முதல் பக்கம் வெள்ளம், மூன்றாம் பக்கம் ஒற்றைச் சொல்லும் கோடும். அரசியல் அறிவியல் மாணவன் நன்னூலைப் படித்தால் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

நெசவு ஊரில் பேச வந்தவன் பாவு, ஊடை என்று உவமை சொல்வான் என்று பெரியவர்கள் காத்திருப்பீர்கள். உவமை வேண்டாம், தறியையே சாட்சியாக எடுக்கலாம். “கூட்டுறவுக் கூட்டாட்சி நடைமுறையில் செயல்படுகிறதா?” என்று கேட்டால் ஜி.எஸ்.டி. மன்றத்தை எழுதுங்கள். 2016இன் 101ஆவது திருத்தத்தால் வந்த 279ஏ உறுப்பு. ஒன்றியத்தின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. முடிவெடுக்க நான்கில் மூன்று வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மாநிலங்கள் அத்தனையும் ஒன்று சேர்ந்தாலும் ஒன்றியம் இல்லாமல் ஒன்றும் செய்யமுடியாது, ஒன்றியமும் மாநிலங்கள் இல்லாமல் முடியாது. ஆனால் தடுக்க வேண்டும் என்றால் ஒன்றியம் தனியாகவே தடுக்கலாம். ஆகவே பேரம் உண்டு, சமநிலை இல்லை என்பது உங்கள் முடிவு. சாட்சி வேண்டுமா? துணிகள் பலவற்றுக்கு 5 விழுக்காட்டிலிருந்து 12 விழுக்காடாக வரி உயர்வதாக இருந்தது, 2022 ஜனவரி 1 முதல். தமிழகம் உட்படப் பல மாநிலங்கள் எதிர்த்தன. முந்தைய நாள், 2021 டிசம்பர் 31 அன்று, மன்றம் கூடி அதை ஒத்திவைத்தது. அந்த வாரம் இந்த ஊரில் என்ன பேச்சு இருந்தது என்று வீட்டில் கேளுங்கள். அப்பா சொல்வதை அப்படியே எழுதவேண்டாம். அதற்குப் பின்னால் இருக்கும் உறுப்பின் எண்ணை நீங்கள் சேர்த்தால் அது அரசியல் அறிவியல் விடை.

தமிழ் வழியில் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம். குரூப் ஒன்றையும் எழுதலாம். தடை மொழியில் இல்லை, மொழிபெயர்ப்பு நோட்ஸில் இருக்கிறது. ஐந்து வரிக்கு ஒரு வினைமுற்று வரும் அந்த வாக்கியங்களை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி. கலைச்சொல்லைப் பாடநூல் எப்படி எழுதுகிறதோ அப்படியே எழுதுங்கள். மற்ற எல்லாவற்றையும் உங்கள் தமிழில் எழுதுங்கள்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அரையாண்டுத் தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்கள்: “உன் முடிவு எந்த வரியில் இருக்கிறது?” என்று.

அறக்கட்டளைக் குடும்பத்தாரிடம் இன்னொன்று. எனக்குச் சால்வை போர்த்தினீர்கள், மகிழ்ச்சி. அடுத்த ஆண்டு வட்டிப் பணத்தில் பேச்சாளருக்குச் சால்வை வேண்டாம். மாநில மறுசீரமைப்பு ஆணையத்தின் 1955ஆம் ஆண்டு அறிக்கை, ம.பொ.சி.யின் ‘எனது போராட்டம்’, அரசமைப்புச் சட்டத்தின் தமிழ்ப் பதிப்பு, கடந்த ஆண்டுகளின் வினாத்தாள்கள், இவற்றை வாங்கிப் பள்ளி நூலகத்தில் பிள்ளைகள் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள்.